பழைய பிக்கப் வண்டியின் தானியங்கிக் கியர்ப்பெட்டி: கோளாறு அறியும் முறை

பழைய வண்டி ஒன்று கியர் மாறுவதில் தடுமாறினால், உடனே கியர்ப்பெட்டியைக் கழற்றிப் பிரிக்க வேண்டும் என்று பலர் முடிவு செய்துவிடுகின்றனர். தானியங்கிக் கியர்ப்பெட்டியைப் பொறுத்தவரை இம்முடிவு பல சமயங்களில் தவறானது. கோளாற்றின் காரணம் பெட்டிக்கு வெளியே, வெடித்துப்போன ஒரு சிறு ரப்பர்க் குழாயிலோ, குறைந்துபோன எண்ணெயிலோ, இறுகிப்போன ஒரு கம்பியிலோ இருக்கக்கூடும். காரணத்தை அறியாமல் பெட்டியைப் பிரித்தால் பணமும் உழைப்பும் வீணாகும். கோளாறும் அப்படியே இருக்கும். அதே சமயத்தில், சிறு கோளாற்றைப் பொருட்படுத்தாமல் வண்டியை ஓட்டிக்கொண்டே போனால், பெட்டி உண்மையிலேயே பழுதாகிவிடும். ஆகவே அறிகுறியிலிருந்து காரணத்தை முறைப்படி அறியும் வழியை இப்பாடத்தில் ஆராய்வோம்.

எடுத்துக்காட்டாக அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1969-ஆம் ஆண்டு மாதிரி வண்டிகளில் அறிமுகப்படுத்திய 'டர்போ ஹைட்ரமாட்டிக் 350' என்னும் கியர்ப்பெட்டியை எடுத்துக்கொள்வோம். 1970-களில் ஓடிய ஷெவர்லே சி-10 பிக்கப் வண்டிகள் பலவற்றில் இது பொருத்தப்பட்டிருந்தது. அந்நாட்டில் இன்றும் இத்தகைய வண்டிகளைப் பேணி ஓட்டுவோர் உளர். இதில் கணிப்பொறியோ மின்னணு உணர்கருவியோ இல்லை. எண்ணெய் அழுத்தம், காற்றின் வெற்றிடம், சுருள்வில் ஆகியவற்றைக் கொண்டே இது முடிவெடுக்கிறது. எனவே தானியங்கிக் கியர்ப்பெட்டியின் தத்துவத்தைக் கற்பிக்க இது மிகவும் ஏற்றது.

அமைப்பும் இயக்கமும்

எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் இடையே முறுக்குவிசை மாற்றி அமைந்துள்ளது. இதனுள் எண்ணெய் நிறைந்திருக்கும். எஞ்சினோடு சேர்ந்து சுழலும் விசிறி எண்ணெயை வீசுகிறது; அவ்வெண்ணெய் எதிரேயுள்ள மற்றொரு விசிறியைச் சுழற்றுகிறது. இடையில் உள்ள மூன்றாவது சக்கரம் எண்ணெயின் போக்கைத் திருப்பி, புறப்படும் வேளையில் முறுக்குவிசையைப் பெருக்குகிறது. இவ்வாறு எஞ்சினையும் சக்கரங்களையும் உலோகத் தொடர்பு இன்றி எண்ணெயே இணைப்பதால், வண்டி நிற்கும்போதும் எஞ்சின் அணைந்துபோவதில்லை.

மாற்றிக்குப் பின்னால் கோள்முறைப் பல்சக்கரங்கள் உள்ளன. இவற்றில் எந்த உறுப்பை நிறுத்துகிறோம், எந்த உறுப்பைச் சுழற்றுகிறோம் என்பதைப் பொறுத்துக் கியர் விகிதம் மாறுகிறது. முதற்கியரில் விகிதம் 2.52; இரண்டாவதில் 1.52, மூன்றாவதில் 1. உறுப்புகளைப் பிடித்து நிறுத்தும் பணியைப் பல தகடுகள் கொண்ட நான்கு கிளட்சுகளும், ஒரு பட்டையும், இரண்டு ஒருவழிக் கிளட்சுகளும் செய்கின்றன. கிளட்சுகளையும் பட்டையையும் இறுக்குவது எண்ணெய் அழுத்தம். அந்த அழுத்தத்தை உண்டாக்கும் பம்ப் பெட்டியின் முன்பகுதியில் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போதெல்லாம் அதுவும் ஓடும்.

கியரை எப்போது மாற்றுவது என்று பெட்டி எவ்வாறு அறிகிறது? அதற்கு மூன்று செய்திகள் கிடைக்கின்றன.

முதற் செய்தி வண்டியின் வேகம். இதைத் தருவது கவர்னர். பெட்டியின் வெளியேறும் தண்டு இதைச் சுழற்றுகிறது. வேகம் கூடக் கூட இதன் எடைக்கட்டிகள் வெளிப்புறமாக விரிந்து, கவர்னர் அழுத்தத்தை உயர்த்துகின்றன.

இரண்டாம் செய்தி எஞ்சினின் சுமை. இதைத் தருவது வெற்றிட மாடுலேட்டர். இது ரப்பர்ச் சவ்வும் சுருள்வில்லும் கொண்ட சிறு உலோகக் குப்பி. பெட்டியின் வலப்புறம் பின்பகுதியில் இருக்கிறது. எஞ்சினின் காற்றுப் புகுகுழாயிலிருந்து வரும் வெற்றிடம் ஒரு குழாய் வழியாக இதை அடைகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது வெற்றிடம் வலுவாக இருக்கும்; அது சவ்வை இழுத்து வில்லை அடக்கும்; மாடுலேட்டர் அழுத்தம் குறையும். ஆக்ஸிலரேட்டரை ஆழ மிதித்தால் வெற்றிடம் குறையும்; வில் வெல்லும்; மாடுலேட்டர் அழுத்தம் உயரும். அதனோடு முதன்மை எண்ணெய் அழுத்தமும் உயர்ந்து, மிகுந்த சுமையிலும் கிளட்சுகள் நழுவாதபடி இறுகும்.

மூன்றாம் செய்தி, ஓட்டுநர் மிதியைத் தரைவரை அழுத்திவிட்டார் என்பது. இதனை ஒரு கம்பி நேரே பெட்டிக்குத் தெரிவிக்கிறது. அப்போது பெட்டி கீழ்க் கியருக்கு இறங்கி, வண்டிக்குக் கூடுதல் இழுவை தருகிறது.

கியர் மாற்றும் வால்வு ஒரு தராசைப் போன்றது. அதன் ஒரு முனையைக் கவர்னர் அழுத்தம் தள்ளுகிறது. மறு முனையை மாடுலேட்டர் அழுத்தமும் ஒரு வில்லும் தள்ளுகின்றன. வேகத்தின் கை ஓங்கினால் மேல் கியர். சுமையின் கை ஓங்கினால் கீழ்க் கியர். இத்தராசை மனத்தில் கொண்டால் பெரும்பாலான கோளாறுகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தாமே ஊகித்து அறியலாம்.

சோதனைக்கு முன் எச்சரிக்கை

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டை வைத்தல் வேண்டும். ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டியின் அடியில் ஒருபோதும் நுழையலாகாது; உறுதியான தாங்கிகள் வைத்த பின்னரே நுழைய வேண்டும். ஓடி வந்த வண்டியின் கியர் எண்ணெய் தோலைச் சுட்டுவிடும். எஞ்சின் ஓடும்போது வண்டியின் முன்னே மாணவர் எவரையும் நிற்க விடலாகாது; நெம்புகோலின் இணைப்பு தேய்ந்த வண்டி எதிர்பாராமல் நகரக்கூடும்.

முதற் படி: எண்ணெய்

வண்டியைச் சில மைல் ஓட்டி எண்ணெய் சூடேறிய பிறகு, சமதளத்தில் நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி நெம்புகோலை எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை நகர்த்தி, 'பார்க்' நிலைக்குக் கொணர்ந்து, எஞ்சின் மெல்ல ஓடிக்கொண்டிருக்கும்போதே டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்க்க வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்ப்பது பெருந்தவறு. அப்போது மாற்றியிலிருந்து எண்ணெய் வடிந்து, அளவு உயர்ந்து தோன்றும். டிப்ஸ்டிக்கில் 'சேர்க்க', 'நிறைவு' என்னும் இரு குறிகளுக்கும் இடையே உள்ள அளவு ஓர் அமெரிக்க பைண்ட், அதாவது ஏறக்குறைய அரை லிட்டர் மட்டுமே. ஆகவே சிறிது சிறிதாகவே ஊற்றுதல் வேண்டும்.

எண்ணெய் குறைந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும். காற்று கலந்த எண்ணெய் அழுத்தத்தைத் தாங்காது, கிளட்சுகள் நழுவும். எண்ணெய் மிகுந்தாலும் இதே விளைவுதான் என்பதை மாணவர்க்கு வலியுறுத்த வேண்டும். அப்போது சுழலும் உறுப்புகள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிடும்.

நிறமும் மணமும் செய்தி தரும். சிவந்து தெளிந்திருப்பது நலம். பழுப்பேறித் தீய்ந்த நாற்றம் வீசினால் கிளட்சுத் தகடுகள் நழுவிக் கருகியுள்ளன எனக் கொள்ளலாம். இளஞ்சிவப்புப் பால் போலக் கலங்கியிருந்தால் அதில் தண்ணீர் கலந்துள்ளது. இவ்வெண்ணெய் ரேடியேட்டரின் உள்ளே அமைந்த குளிர்குழாய் வழியாகச் சென்று வருகிறது. அக்குழாய் அரித்துப்போனால் நீர் புகும். நீர் கிளட்சுத் தகடுகளின் மேலுறையை உரித்துவிடும். ஆதலின் ரேடியேட்டரைச் செப்பனிடாமல் எண்ணெயை மட்டும் மாற்றுவதால் பயனில்லை.

அடிச்சட்டியைக் கழற்றினால், அடியில் மெல்லிய சாம்பல் நிறப் படிவு இருப்பது இயல்பு. கறுத்த துகள்கள் குவிந்திருந்தால் தகடுகள் தேய்ந்துள்ளன. மின்னும் உலோகத் துணுக்குகள் இருந்தால் உள்ளே உலோகம் உலோகத்தோடு உராய்கிறது. இவ்விரு நிலைகளிலும் பெட்டியைப் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இரண்டாம் படி: வெற்றிடம்

மாடுலேட்டரில் செருகியுள்ள ரப்பர்க் குழாயைக் கழற்றி, அதன் முனையில் வெற்றிடமானியை இணைக்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள எஞ்சின் கடல்மட்டத்தில் மெல்ல ஓடும்போது, வெற்றிடமானி 17 முதல் 21 அங்குலப் பாதரச அளவில் நிலையாக நிற்கும். உயரம் 1,000 அடி கூடுந்தோறும் இவ்வளவு ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரம் 5,280 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே 14 அங்குலம் காட்டுவது குறையாகாது. உயரத்தைக் கருதாமல் அளவைப் பார்த்துப் பழுதென முடிவு செய்வது தவறு.

எஞ்சினில் வெற்றிடம் நன்றாக இருந்து, குழாயின் முனையில் இல்லையெனில் குழாய் வெடித்தோ நெளிந்தோ இருக்கிறது. எஞ்சினிலேயே குறைவாக இருந்தால் பற்றவைப்பு, வால்வுகள், கார்புரேட்டர் ஆகியவற்றை முதலில் சீர்செய்ய வேண்டும். கியர்ப்பெட்டி எஞ்சினின் குறையைத்தான் எதிரொலிக்கிறது. கார்புரேட்டரை மாற்றிய வண்டிகளில் வேறொரு பிழையும் நேர்வதுண்டு. கார்புரேட்டரின் தட்டுக்கு மேலே உள்ள துளையில் குழாயைச் செருகிவிடுவர். அத்துளையில் எஞ்சின் மெல்ல ஓடும்போது வெற்றிடம் இராது. குழாய், தட்டுக்குக் கீழே புகுகுழாயின் முழு வெற்றிடத்தைப் பெறுமாறு இணைந்திருக்க வேண்டும்.

குழாயைக் கழற்றியபோது அதனுள் சிவந்த எண்ணெய் ஈரம் காணப்பட்டால் மாடுலேட்டரின் சவ்வு கிழிந்துவிட்டது என்பது உறுதி.

மூன்றாம் படி: வெளி இணைப்புகள்

நெம்புகோலுக்கும் பெட்டிக்கும் இடையே உள்ள தண்டுகளின் பூண்கள் தேய்ந்தால், காட்டி 'டிரைவ்' என்று காட்டும்போது உள்ளிருக்கும் வால்வு இரு நிலைகளுக்கு நடுவே நிற்கக்கூடும். அப்போது எண்ணெய் முழுமையாகச் செல்லாது. கிளட்சு நழுவிக் கருகும். ஒவ்வொரு நிலையிலும் பெட்டியின் உள்ளே 'கிளிக்' என்னும் பிடிப்பு உணரப்படுவதும், காட்டி அந்நிலையைக் காட்டுவதும் ஒன்றாக நிகழ்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

கீழ்க் கியருக்கு இறக்கும் கம்பி அறுந்திருந்தால், மிதியை முழுதும் அழுத்தினாலும் கியர் இறங்காது. இழுபட்ட நிலையில் இறுகியிருந்தால், மிதி எப்போதும் தரையில் இருப்பதாகப் பெட்டி கருதி, கியரைக் காலம் தாழ்த்தியே மாற்றும்.

நான்காம் படி: சாலைச் சோதனை

மேற்கூறியவை சரியாக இருப்பின் வண்டியைச் சாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒருவர் ஓட்டவும் மற்றொருவர் குறிக்கவும் வேண்டும். ஓட்டுபவரே குறிப்பது விபத்துக்கு இடமாகும். மென்மையான மிதியில் முதற்கியரிலிருந்து இரண்டாவதற்கு ஏறக்குறைய 10 முதல் 15 மைல் வேகத்திலும், இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கு ஏறக்குறைய 20 முதல் 30 மைல் வேகத்திலும் மாறுவதை எதிர்பார்க்கலாம். பின் அச்சின் விகிதமும் சக்கரத்தின் அளவும் இவ்வேகங்களைச் சிறிது மாற்றும். பிறகு பாதி மிதியிலும் முழு மிதியிலும் சோதித்து, மாறிய வேகம், மாறிய விதம், எஞ்சின் வீணாக இரைந்ததா என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னோக்கிச் செல்லும் கியரையும் தவறாமல் சோதிக்க வேண்டும். அதன் காரணம் கீழே விளங்கும்.

அறிகுறியிலிருந்து காரணம்

ஒவ்வொரு கியரிலும் எக்கிளட்சு வேலை செய்கிறது என்பதை அறிந்தால், பழுதான உறுப்பைக் கழித்தல் முறையால் அடையலாம். முன்னோக்கிய எல்லாக் கியர்களிலும் 'முன் கிளட்சு' இறுகியிருக்கும். 'டிரைவ்' நிலையின் முதற்கியரில் அதனுடன் கீழ் ஒருவழிக் கிளட்சு தாங்கும். இரண்டாவதில் 'இடைக் கிளட்சு' தன் ஒருவழிக் கிளட்சுடன் சேரும். மூன்றாவதில் 'நேர்க் கிளட்சு' சேரும். பின்னோக்கிய கியரில் அதே நேர்க் கிளட்சும் 'கீழ்-பின் கிளட்சும்' இறுகும். இனி அறிகுறிகளைக் காண்போம்.

1. எல்லா மாற்றங்களும் தாமதமாகவும் அதிர்ச்சியோடும் நிகழ்தல்: சுமைச் செய்தி பொய்யாக உயர்ந்துள்ளது. வெற்றிடக் குழாய், மாடுலேட்டர், இறக்கக் கம்பி ஆகியவற்றை நோக்குக.

2. முதற்கியரிலேயே நின்றுவிடுதல்: வேகச் செய்தி வரவில்லை, அல்லது முதல் மாற்ற வால்வு சிக்கியுள்ளது. கவர்னர் பெட்டியின் இடப்புறம் பின்பகுதியில், கம்பிப் பிடியால் மூடிய ஒரு மூடியின் கீழ் இருக்கிறது. அதை வெளியே எடுத்து, பற்கள் தேய்ந்துள்ளனவா, எடைக்கட்டிகளும் வால்வும் தடையின்றி நகர்கின்றனவா என்று பார்க்கலாம். இதற்காகப் பெட்டியை இறக்கத் தேவையில்லை.

3. மூன்றாவது கியரும் இல்லை, பின்னோக்கிய கியரும் இல்லை: இரண்டிற்கும் பொதுவானது நேர்க் கிளட்சு; பழுது அதிலேயே.

4. மூன்றாவது கியர் இல்லை, ஆனால் பின்னோக்கிய கியர் வலுவாக உள்ளது: நேர்க் கிளட்சின் மீது ஐயம் குறைகிறது. இரண்டாம் மாற்ற வால்வையும் கவர்னரையும் சோதிக்க வேண்டும்.

5. முதற்கியரில் நீண்ட நேரம் இரைந்து, பின்னர் திடீரென மூன்றாவதற்குத் தாவுதல்: இடைக் கிளட்சு அல்லது அதன் ஒருவழிக் கிளட்சு பழுது.

6. 'டிரைவ்' நிலையில் வண்டி புறப்படவில்லை. நெம்புகோலை 'ஒன்று' நிலையில் வைத்தால் புறப்படுகிறது: கீழ் ஒருவழிக் கிளட்சு நழுவுகிறது. 'ஒன்று' நிலையில் கீழ்-பின் கிளட்சும் இறுகித் துணைசெய்வதால் வண்டி நகர்கிறது.

7. முன்னோக்கிய எந்நிலையிலும் நகரவில்லை. பின்னோக்கி நகர்கிறது: முன் கிளட்சு பழுது.

8. முன்னும் பின்னும் நகரவில்லை: எண்ணெய் அளவு, அடைபட்ட வடிகட்டி, நெம்புகோல் இணைப்பு ஆகியவற்றைப் பார்த்த பின்னரே பம்பையும் மாற்றியையும் ஐயுற வேண்டும்.

அழுத்தமானி உள்ளவர்கள் மற்றொரு தெளிவான சோதனையைச் செய்யலாம். பெட்டியின் சோதனைத் துளையில் மானியைப் பொருத்தி, எஞ்சின் ஓடும்போது வெற்றிடக் குழாயைக் கழற்றி அதன் முனையை அடைக்க வேண்டும். முதன்மை அழுத்தம் உயர வேண்டும்; மீண்டும் இணைத்தால் தாழ வேண்டும். உயர்வு தாழ்வு இல்லையெனில் மாடுலேட்டரோ அதன் வால்வோ செயற்படவில்லை.

ஒரு பயிற்சி

கீழ்க்காணும் நிலையை வகுப்பில் வைத்து விவாதிக்கலாம். ஒரு பிக்கப் வண்டி கியரை மிகத் தாமதமாக மாற்றுகிறது, மாறும்போது உலுக்குகிறது. சில நூறு மைல்களுக்கு ஒருமுறை கியர் எண்ணெய் குறைகிறது. தரையிலோ ஒரு சொட்டும் இல்லை. புகைக்குழாயில் வெண்புகை வருகிறது. பார்ப்போர் எஞ்சினும் தேய்ந்தது, கியர்ப்பெட்டியும் தேய்ந்தது என்று கூறுகின்றனர்.

மூன்று அறிகுறிகளுக்கும் ஒரே காரணம் இருக்க இயலுமா என்று முதலில் கேட்க வேண்டும். மாடுலேட்டரின் சவ்வு கிழிந்தால் வெற்றிடம் வில்லை அடக்க இயலாது. எனவே மாற்றம் தாமதமாகிறது, உலுக்குகிறது. அதே கிழிசலின் வழியாக எஞ்சின் கியர் எண்ணெயை உறிஞ்சுகிறது. எனவே தரையில் சொட்டாமலே எண்ணெய் குறைகிறது. உறிஞ்சிய எண்ணெய் எஞ்சினில் எரிகிறது, எனவே புகை. குழாயைக் கழற்றி உள்ளே ஈரம் உள்ளதா என்று பார்த்தால் சில நிமிடங்களில் உண்மை தெரிந்துவிடும். ஒரு திருகை அவிழ்த்துப் பழைய குப்பியை எடுத்துப் புதியதைப் பொருத்தி, எண்ணெயை நிரப்பினால் போதும். இதைக் கவனியாமல் விட்டால், எண்ணெய் குறைந்த ஒரு நாளில், சுமையேற்றிய வண்டி மேட்டில் ஏறும்போது கிளட்சுகள் நழுவிக் கருகும். அதன் பிறகு முழுப் பெட்டியையும் புதுப்பித்தே ஆக வேண்டும். சிறு செலவு பெருஞ்செலவாவது இவ்வாறே.

ஆசிரியர்களுக்குச் சில சொற்கள்

கியர் மாற்றும் வால்வின் தத்துவத்தை எளிய கருவியால் காட்டலாம். ஊசியில்லாத இரு சிறு மருந்துக் குழல்களில் நீர் நிரப்பி, அவற்றின் தண்டுகள் ஒன்றையொன்று எதிர்நோக்குமாறு ஒரு பலகையில் பொருத்துக. ஒவ்வொன்றையும் ரப்பர்க் குழாயால் வேறொரு குழலுடன் இணைத்து, இரு மாணவர்கள் கையில் தருக. ஒருவர் வேகம், மற்றவர் சுமை. எவர் மிகுதியாக அழுத்துகிறாரோ அவர் பக்கத்திலிருந்து தண்டுகள் நகரும். சுமை மாணவர் கையை எடுக்காதிருந்தால், வேக மாணவர் எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்பதை வகுப்பு முழுவதும் காணும். கிழிந்த சவ்வின் விளைவு இதுவே.

நம் நாட்டில் இப்போது கிளட்ச் மிதி இல்லாத கார்கள் பெருகியுள்ளன. அவற்றுள் பல, 2014-இல் மாருதி செலேரியோ காரில் அறிமுகமான வகையைச் சார்ந்தவை. அவற்றில் இருப்பது வழக்கமான கைக்கியர்ப்பெட்டியே. கிளட்சையும் கியரையும் மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் கருவிகள் இயக்குகின்றன. ஆகவே மேலே கூறிய எண்ணெய், வெற்றிடச் சோதனைகளை அவற்றுக்கு அப்படியே பொருத்தலாகாது. எனினும் வேகம், சுமை என்னும் இரு செய்திகளே அவற்றுக்கும் அடிப்படை. அவற்றை இப்போது உணர்கருவிகள் தருகின்றன. செய்தி பொய்யானால் முடிவும் பொய்யாகும் என்னும் விதியும் மாறவில்லை.

வினாக்கள்

1. எண்ணெய் மிகினும் குறையினும் கிளட்சு நழுவுவது ஏன்?

2. 7,000 அடி உயரத்தில் உள்ள ஊரில், எஞ்சின் மெல்ல ஓடும்போது வெற்றிடமானி 12 அங்குலம் காட்டுகிறது. எஞ்சின் பழுதெனக் கூறலாமா?

3. மூன்றாவது கியர் வேலை செய்யாதபோது பின்னோக்கிய கியரைச் சோதிப்பது எதற்காக?

4. வெற்றிடக் குழாய் வெடித்த வண்டியில் முதன்மை அழுத்தம் உயருமா, தாழுமா? காரணம் கூறுக.

எளியதை முதலிலும் அரியதைப் பின்னரும், வெளியே உள்ளதை முதலிலும் உள்ளே உள்ளதைப் பின்னரும் சோதித்தல் வேண்டும். இவ்வொழுங்கை மாணவர் கைக்கொண்டால், திருகாணியைத் தொடுமுன் சிந்திக்கப் பழகுவர். பழுது பார்க்கும் தொழிலில் பிறருடைய பொருளும் நம்பிக்கையும் நம் கையில் ஒப்படைக்கப்படுகின்றன. இப்பழக்கமே அவற்றுக்குக் காப்பு.